கிளவுட் பில்லுக்கு ஒரு மேல்மூடி (உச்சவரம்பு) கேட்டால் தப்பா? 1,100 ரூபாய் 13,561 ஆன கதை

கதைப்பெட்டி | கோவை | திங்கள், காலை 9:12

வணக்கம். நான் இங்கே பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிற ஆள். இன்றைக்கு எழுத வைத்துவிட்டது பில்.

குழந்தைகளுக்கான ஒலிக்கதைத் தளம் ஒன்று நடத்துகிறேன். அம்மாவும் இரண்டு பெரியம்மாக்களும் சொன்ன கதைகள், அப்புறம் ஊர் ஊராகக் கேட்டுப் பதிந்தவை என்று 640 எம்பி3 கோப்புகள். ஒவ்வொன்றும் சராசரியாக 18 எம்பி. விளம்பரம் கிடையாது, வருமானமும் கிடையாது. ஹோஸ்டிங் காசு என் சம்பளத்திலிருந்து போகிறது.

சர்வர் இருப்பது ஒரு பெரிய கிளவுட் (வாடகை சர்வர்) நிறுவனத்தில். பெயர் வேண்டாம், சண்டை போட வரவில்லை. வழக்கமாக மாதம் 1,100 ரூபாய் வரும். சென்ற மாதம் வந்தது இது:

சர்வர், டிஸ்க், ஐபி முகவரி எல்லாம் சேர்த்து 932
வெளியே போன டேட்டா 1,300 ஜிபி. முதல் 100 இலவசம், மீதி 1,200 ஜிபிக்கு 10,560
ஜிஎஸ்டி 2,069
மொத்தம் 13,561

சர்வரின் வருகைப் பதிவேடான லாகைத் திறந்து பார்த்தால் மனிதர்கள் கேட்டது வழக்கம்போல 60 ஜிபிதான். மீதி அத்தனையும் ஒரே பாட், அதாவது தானாக ஓடித் தளங்களை இறக்கும் நிரல். வியாழன் இரவு ஆரம்பித்து ஞாயிறு மாலை வரை, மொத்தத் தளத்தையும் நூறு தடவைக்கு மேல் இறக்கியிருக்கிறது. பாட்களுக்கான அறிவிப்புப் பலகை மாதிரியான ரோபாட்ஸ் கோப்பில் வராதே என்று எழுதிவைத்திருந்தேன். அதை அது படித்த மாதிரியே தெரியவில்லை.

பில் 2,000 தாண்டினால் மெயில் வரவேண்டும் என்று எச்சரிக்கையும் போட்டிருந்தேன். வந்தது, வெள்ளி இரவு. நான் பார்த்தது ஞாயிறு மாலை. பொள்ளாச்சியில் கல்யாணம். கல்யாண வீட்டில் யார் மெயில் பார்ப்பார்கள்?

விலை அதிகம் என்று சொல்ல வரவில்லை. 932 ரூபாய்க்கு அவர்கள் தருவது நல்ல பொருள்தான். என் கேள்வி வேறு. "எது நடந்தாலும் இந்த மாதம் 2,000க்கு மேல் வேண்டாம், தாண்டினால் தளத்தை நிறுத்திவிடு" என்று சொல்ல ஒரு பட்டன் ஏன் இல்லை? நான் தேடித் தேடிப் பார்த்தேன். மெயில் அனுப்புகிறார்கள், எஸ்எம்எஸ் அனுப்புகிறார்கள், அழகான கிராஃப் போட்டுக் காட்டுகிறார்கள். ஒரே பட்டனில் நிறுத்த மட்டும் வழி கிடைக்கவில்லை.

---

பில்லுப்பாட்டு | திங்கள், காலை 9:31

நூறு தடவை கதை கேட்ட பாட், ஒரு தடவையாவது "ம்" கொட்டியதா என்று லாகில் பாருங்கள்.

---

ரூட்டுத்தல | சென்னை | திங்கள், காலை 11:05

முதல் வேலையாக சப்போர்ட்டில் டிக்கெட் (புகார்) போடுங்கள். லாகை இணைத்து, எந்த ஐபியிலிருந்து எத்தனை ஜிபி என்று கணக்கோடு எழுதுங்கள். முதல் தடவை என்றால் பல நேரம் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வார்கள். செய்யவேண்டும் என்று விதி எதுவும் இல்லை, கருணைதான்.

எல்லாமே கருணையில் ஓடுவதுதான் சிக்கல். 2024 பிப்ரவரியில் நெட்லிஃபை என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் இலவசத் திட்டத்தில் இருந்த ஒருவருக்கு 1,04,500 டாலர் பில் வந்தது. அவர் தளத்தில் கிடந்த மூன்றரை எம்பி பாட்டு ஒன்றை யாரோ விடாமல் இறக்கியிருந்தார்கள். முதலில் 20 விழுக்காடு கட்டுங்கள் என்றார்கள், அப்புறம் 5 விழுக்காடு என்றார்கள். விஷயம் இணையம் முழுக்கப் பரவிய பிறகு தலைமை அதிகாரியே வந்து ஒன்றும் கட்டவேண்டாம் என்றார். பரவாமல் இருந்தால்?

அதே ஆண்டு ஏப்ரலில் இன்னொன்று. ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) தரும் எஸ்3 கோப்புக் கிடங்கில் ஒருவர் காலியாக வைத்திருந்த பக்கெட்டுக்கு (கோப்புப் பெட்டிக்கு) ஒரே நாளில் சுமார் பத்துக் கோடி வேண்டுகோள்கள் வந்து, 1,300 டாலருக்கு மேல் பில் ஆனது. ஏதோ ஒரு திறமூல மென்பொருளின் உதாரண அமைப்பில் அந்தப் பக்கெட்டின் பெயரே தற்செயலாக இருந்திருக்கிறது. அதை நிறுவிய ஊரார் எல்லோரும் இவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். கதவு பூட்டித்தான் இருந்தது. ஆனால் தட்டினதற்கும் காசு! அடுத்த மாதமே ஏடபிள்யூஎஸ் அந்த விதியை மாற்றியது. வெளியார் அனுப்பி அனுமதி மறுக்கப்பட்ட வேண்டுகோள்களுக்கு இப்போது கட்டணம் இல்லை.

பட்டன் ஏன் இல்லை என்பதற்கு அவர்கள் தரப்பில் ஒரு நியாயமான பதிலும், ஒரு நொண்டிச் சாக்கும் உண்டு.

நியாயமான பதில்: மீட்டர் உடனுக்குடன் ஓடுவதில்லை. ஒவ்வொரு சேவையும் தன் பயன்பாட்டைத் தனியாகப் பதிந்து, மணிக்கணக்கில் தாமதித்து பில்லிங்குக்கு அனுப்புகிறது. ஏடபிள்யூஎஸ்ஸின் பட்ஜெட் எச்சரிக்கைக் கருவியில் தகவல் புதுப்பிக்கப்படுவதே ஒரு நாளைக்கு மூன்று தடவை வரைதான். உங்கள் கணக்கையே பாருங்கள். மணிக்கு 18 ஜிபி போயிருக்கிறது. 2,000 ரூபாயை வெள்ளி மதியத்துக்குள் தாண்டியிருப்பீர்கள், மெயில் வந்தது இரவில். அந்த நிமிடமே சர்வரை அணைத்திருந்தாலும் டேட்டாவுக்கு மட்டும் 3,000 ஆகியிருக்கும்.

நொண்டிச் சாக்கு: "வாடிக்கையாளர் தளத்தை நாங்களாக நிறுத்த முடியாது." மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரில் மாணவர் கணக்குகளுக்கும் இலவச கிரெடிட் (செலவழிக்க அவர்களே தரும் தொகை) கணக்குகளுக்கும் செலவு எல்லை உண்டு, தீர்ந்தால் நின்றுவிடும். காசு கட்டுகிறவருக்கு மட்டும் அது இல்லை. ஆகவே தொழில்நுட்பம் இருக்கிறது, மனசுதான் இல்லை. வெர்செல் என்ற ஹோஸ்டிங் நிறுவனம் காசு கட்டுகிறவர்களுக்கும் எல்லை வந்ததும் தளத்தை நிறுத்திவைக்கும் வசதியைக் கொடுத்திருக்கிறது.

---

புதுமுகம் | திங்கள், மதியம் 1:20

அண்ணா, நான் இரண்டாம் ஆண்டு பிசிஏ. ப்ராஜெக்டுக்காக அம்மாவின் கார்டைப் போட்டு இலவசக் கணக்கு திறந்திருக்கிறேன். இதைப் படித்ததும் கை நடுங்குகிறது. எதையெதைப் பார்க்கவேண்டும்?

---

ரூட்டுத்தல | திங்கள், மதியம் 1:48

பயப்படாதே தம்பி. ஏடபிள்யூஎஸ் என்றால் 2025 ஜூலை 15 அன்றோ அதற்குப் பிறகோ திறந்த கணக்கா என்று பார். அப்படியென்றால், இலவசத் திட்டத்திலேயே இருக்கும்வரை கிரெடிட் தீர்ந்தாலோ ஆறு மாதம் முடிந்தாலோ கணக்கு மூடப்படும், கார்டிலிருந்து எடுக்கமாட்டார்கள். பழைய முறையில் ஓராண்டு முடிந்த மறுநாளே சத்தமில்லாமல் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். எத்தனை பேர் அதில் மாட்டினார்கள் என்பது இந்த மன்றத்தின் பழைய இழைகளைப் படித்தால் தெரியும்.

மற்றபடி எல்லா இடத்திலும் கவனிக்கவேண்டியவை. சர்வரை "ஸ்டாப்" செய்தால் பில் நிற்கும் என்று நம்பாதே. ஏடபிள்யூஎஸ்ஸில் டிஸ்க்குக்கான காசு தொடரும். டிஜிட்டல் ஓஷன் நிறுவனத்தில் டிராப்லெட்டை (சர்வருக்கு அவர்கள் வைத்த பெயர்) அணைத்துவைத்தாலும் முழுக் காசு ஓடும், அழித்தால்தான் நிற்கும். ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் நகல்) எடுத்து மறந்துபோனால் அதற்கும் மாதாமாதம். சர்வரின் இணைய முகவரியான பொது ஐபிவி4-க்கு 2024 பிப்ரவரி 1 முதல் ஏடபிள்யூஎஸ் மணிக்கு அரை செண்ட் வாங்குகிறது. அரை செண்ட்தானே என்று தோன்றும். மாதத்துக்கு 730 மணி நேரம் போட்டுப் பார், 3.65 டாலர், ஏறக்குறைய 320 ரூபாய்.

இன்னொன்று யாருமே சொல்லாதது. ஏடபிள்யூஎஸ்ஸில் டி3 வகை சர்வர் மலிவு என்று எல்லோரும் எடுப்பார்கள். டி3 மைக்ரோவின் அடிப்படை வேகம் ஒவ்வொரு கோருக்கும் (செயலிப் பங்குக்கும்) 10 விழுக்காடுதான். அதற்கு மேல் ஓடினால் சேர்த்துவைத்த சிபியு கிரெடிட்டிலிருந்து (இது காசு இல்லை, ஓட்ட நேரம்) போகும். கிரெடிட் தீர்ந்தால் வேகம் குறையும் என்று நினைப்பாய். குறையாது. டி3-இல் "அன்லிமிடெட்" முறை தானாகவே போட்டிருக்கும், கூடுதல் ஓட்டத்துக்கு ஒரு கோருக்கு மணிக்கு 5 செண்ட். ஒரு கெட்ட வேர்ட்பிரஸ் பிளகின் இரண்டு கோரையும் முழுநேரம் பிடித்துக்கொண்டால் நாளுக்கு 2.16 டாலர். மாதம் ஏழரை டாலர் சர்வர், கூட 65 டாலரையும் இழுத்துக்கொண்டு வரும்.

---

வடமராட்சியான் | யாழ்ப்பாணம் | திங்கள், மாலை 4:10

நீங்கள் எல்லாரும் பயன்பாடு கூடினால் பில் கூடும் என்று கதைக்கிறீர்கள். எங்களுக்குப் பயன்பாடு கூடாமலே கூடினது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா. மே மாதம் 360. என்னட்ட இருந்தது 10 டொலர் சர்வர், ஊர்ச் செய்தித் தளத்துக்கு. 2,000 ரூபாவாக இருந்தது இரண்டு மாதத்தில் 3,600 ஆனது. விலைப்பட்டியலில் ஒரு சதமும் மாறவில்லை! அதுக்கும் மேலால, வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவே போகாத நாட்களும் இருந்தன. கனடாவில் இருக்கிற மச்சான் அட்டையைப் போட்டுத்தான் தளம் உயிரோட இருந்தது. இன்னும் அவருடைய அட்டைதான்.

விலை தெளிவாக இருக்கவேணும் என்றால், எந்த நாணயத்தில் தெளிவு என்றும் கேட்கவேணும்.

---

லாகின்லட்சுமி | சென்னை | திங்கள், மாலை 5:35

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னது இங்கேயும் உண்டு, மெதுவாக நடந்ததால் வலி தெரியவில்லை. 2020இல் 75 பக்கம் இருந்த டாலர் 2025இல் 88ஐத் தாண்டியது.

ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன், அதனால் பில்லின் அடிப்பகுதி மட்டும்தான் என் கண்ணில் படும். டாலரில் வாங்குகிறவர்கள் பலகையில் பார்த்த விலையோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்: கார்டு நிறுவனத்தின் அந்நியச் செலாவணி மார்க்கப், பல கார்டுகளில் 3.5 விழுக்காடு வரை. அந்த மார்க்கப் மீது ஜிஎஸ்டி. அப்புறம் சேவையின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால் வெளிநாட்டு நிறுவனமே வசூலித்துக் கட்டவேண்டும். பதிவு உள்ளவர் என்றால் ரிவர்ஸ் சார்ஜில் நீங்களே கட்டி, உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கணக்கில் ஜிஎஸ்டி எண்ணைப் போடாமல் விட்டு, ஆண்டுக்கணக்கில் 18 விழுக்காட்டைத் தண்ணீரில் விட்டவர்களை எனக்கே தெரியும்.

மேல்மூடி பற்றி ஒரு வேடிக்கை. நமக்கு அரைகுறையாக ஒன்று கிடைத்திருக்கிறது, கொடுத்தது கிளவுட்காரர்கள் இல்லை, ரிசர்வ் வங்கி. 2021 அக்டோபர் 1 முதல் கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு முன் 24 மணி நேர அறிவிப்பு வரவேண்டும். 2022 ஜூன் முதல், 15,000க்கு மேல் போனால் ஓடிபி இல்லாமல் எடுக்க முடியாது. தொகை மாறும் பில்லுக்கு நாமே உச்சவரம்பு வைக்கலாம். அன்றைக்கு வெளிநாட்டு ஹோஸ்டிங் கார்டு எல்லாம் ஃபெயில் ஆகி எல்லோரும் திட்டினோம். எனக்கு இப்போது அது நல்லதாகத்தான் படுகிறது.

---

ரூட்டுத்தல | திங்கள், மாலை 5:52

> நாமே உச்சவரம்பு வைக்கலாம்

கார்டில் காசு போகாது, சரி. ஆனால் பில் நிற்காதே லட்சுமி. பயன்படுத்தியது பயன்படுத்தியதுதான், பாக்கி நம் பெயரில் ஏறும். கல்லாவைப் பூட்டலாம், கடன் நோட்டு திறந்தே இருக்கும்.

---

லாகின்லட்சுமி | திங்கள், மாலை 6:01

ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் அரைகுறை என்றேன்.

---

சுங்குடிக்கடை | மதுரை | திங்கள், இரவு 9:40

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்களே. நான் எதிர்ப்பக்கம் உட்காருகிறேன்.

சுங்குடிச் சேலை ஆன்லைனில் விற்கிறேன். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில்தான் எனக்கு ஆண்டு வியாபாரத்தில் பாதி. இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு அந்த வாரம் கொட்டுகிற காசே ஹோஸ்டிங் பில்லைப் போலப் பல மடங்கு. அந்தச் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு "உங்கள் எல்லை முடிந்தது" என்று கடை ஷட்டரை யாராவது இறக்கினால், அண்ணே, அவனை நான் சும்மா விடமாட்டேன். பத்தாயிரம் கூட வந்தாலும் கட்டிவிட்டுப் போகிறேன். கூட்டம் வந்ததால்தானே பில் ஏறியது?

மேல்மூடி என்கிறதைக் கட்டாயம் ஆக்கினால் என்னைப் போன்றவர்களுக்குத்தான் அடி.

---

கதைப்பெட்டி | திங்கள், இரவு 10:02

கட்டாயம் என்று யார் சொன்னது அண்ணா? பட்டன்தான் கேட்கிறேன். உங்களுக்கு வேண்டாம் என்றால் அமுக்காதீர்கள்.

உங்களிடம் கூட்டம் வந்தால் காசும் வருகிறது. என்னிடம் பாட் வந்தால் பில் மட்டும்தான் வருகிறது. என் தளம் மூன்று நாள் நின்றால் நாலு குழந்தைகள் அழுவார்கள், பாட்டியிடம் கேட்டுக்கொள்ளும்படி நான் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று, நிறுத்துவதும் ஓடவிடுவதும் மட்டும்தானா வழி? வீட்டு பிராட்பேண்டில் எஃப்யூபி (மாத டேட்டா வரம்பு) தாண்டினால் என்ன ஆகிறது? வேகம் குறைகிறது. பில் அதேதான். நம் ஊரில் எல்லோருக்கும் பழகிய ஏற்பாடு. அதை சர்வருக்குக் கொடுத்தால் என்ன?

கரண்ட் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால் அடுக்கு மாறி பில் எகிறும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மீட்டர் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஐம்பதாவது நாள் அப்பா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "ஏசியை அணை" என்பார். இங்கே மீட்டரும் அவர்களிடம், சுவரும் அவர்களிடம்.

---

பில்லுப்பாட்டு | திங்கள், இரவு 10:09

அப்பாவும் அவர்களிடம் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை.

---

ரேக்குக்காரர் | சேலம் | செவ்வாய், காலை 8:15

நான் சின்ன ஹோஸ்டிங் வியாபாரி. பதினோரு வருடமாக ரீசெல்லர், அதாவது பெரிய நிறுவனங்களிடம் சர்வர் வாங்கிப் பிரித்து விற்கிறவன். நானூறு சொச்சம் கணக்குகள். இந்த இழையில் வாய் திறக்கலாமா என்று யோசித்துத்தான் திறக்கிறேன்.

கதைப்பெட்டி சார், எங்களைப் போன்ற ஆட்களிடம் வந்திருந்தால் இந்த பில் வந்திருக்காது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்வது) பில் ஏறாது, தளம்தான் படுக்கும். 508 என்று ஒரு பிழை பார்த்திருப்பீர்கள், எல்லை முடிந்தது என்று வரும். நீங்கள் கேட்கிற மேல்மூடி அதுதான். பல வருடமாக இருக்கிறது. அப்போது எல்லோரும் எங்களைத் திட்டினார்கள்.

"அன்லிமிடெட்" பற்றியும் சொல்லிவிடுகிறேன். நானூறு பேரில் முந்நூற்றைம்பது பேர் தளத்தைத் தொடுவதே இல்லை. அவர்கள் விட்டுவைத்த இடத்தைத்தான் மற்ற ஐம்பது பேருக்கு அன்லிமிடெட் என்று விற்கிறோம். ஐம்பதில் ஒருவர் உண்மையிலேயே அன்லிமிடெட்டாகப் பயன்படுத்த ஆரம்பித்தால், கோப்பு எண்ணிக்கை இரண்டரை லட்சத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதிமுறையில் எங்கேயோ எழுதியிருப்பதைக் காட்டுவோம். பெருமையாகச் சொல்லவில்லை, தொழில் அப்படி ஓடுகிறது.

எங்களுக்கும் மேலே ஆள் இருக்கிறான். 2019 ஜூனில், தளங்களை நிர்வகிக்க நாங்கள் வாங்கும் மென்பொருளான சிபேனல், சர்வருக்கு இவ்வளவு என்றிருந்ததைக் கணக்குக்கு இவ்வளவு என்று மாற்றியது. அன்றிரவு தூங்காத ரீசெல்லர்களில் நானும் ஒருவன். டாட் காம் முகவரியின் மொத்த வியாபார விலை 2021 வரை 7.85 டாலராக நின்றது, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை ஏறி 2024 செப்டம்பரில் 10.26. எனக்கே அடுத்த வருடம் என்ன விலை என்று தெரியாதபோது நான் எப்படி உங்களுக்குச் சொல்வது?

---

லாகின்லட்சுமி | செவ்வாய், காலை 10:44

ரேக்குக்காரர் சார், வெளிப்படையாகப் பேசியதற்கு நன்றி. உங்கள் சுயவிவரத்தில் இருந்த இணைப்பு வழியாக விலைப்பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெரிய எழுத்தில் மாதம் 99 ரூபாய். அதன் கீழே சாம்பல் நிறத்தில், 36 மாதம் சேர்த்துக் கட்டினால் என்று இருக்கிறது. சரி, 3,564. அடுத்த பக்கத்தில் பேக்கப் மாதம் 49 என்பது தானாகவே டிக் ஆகியிருக்கிறது, அது 1,764. கடைசிப் பக்கத்தில்தான் ஜிஎஸ்டி தலை காட்டுகிறது, 959. ஆக, 99 என்று பார்த்து உள்ளே வந்தவர் 6,287 கட்டி வெளியே போகிறார். மூன்று வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது மாதம் 349 என்பது விதிமுறைப் பக்கத்தில் இருக்கிறது. நான் தேடினதால் கிடைத்தது.

2023 நவம்பர் 30இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வியாபாரத் தந்திரங்கள் பற்றி வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. பதின்மூன்று தந்திரங்கள் பட்டியலில் இருக்கின்றன. வாடிக்கையாளர் கேட்காததைக் கூடையில் நைசாகச் சேர்ப்பது அதில் ஒன்று. விலையை முதலிலேயே சொல்லாமல் சொட்டுச் சொட்டாகச் சொல்வது இன்னொன்று. உங்கள் பக்கத்தில் இரண்டும் இருக்கிற மாதிரி எனக்குத் தெரிகிறது.

கிளவுட்காரன் என்ன ஆகும் என்று சொல்வதில்லை, ஏனென்றால் அவனுக்கே தெரியாது. உங்களுக்கு 6,287 என்று முதல் பக்கத்திலேயே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. எது மோசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

---

ரேக்குக்காரர் | செவ்வாய், காலை 11:30

அம்மா, எல்லாப் பெரிய நிறுவனமும் அப்படித்தான் போட்டிருக்கிறான். நான் மட்டும் 349 என்று முகப்பில் எழுதினால் கூகுளில் தேடி வருகிறவன் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். பேக்கப் டிக்கை எடுத்துவிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள், அப்புறம் தளம் போனதும் என் தலையை உருட்டுவார்கள்.

---

சுங்குடிக்கடை | செவ்வாய், மதியம் 12:15

சார், சேலையில் 499 என்று ஒட்டிவிட்டு பில்லில் ஃபால்ஸ் தைக்க, பை கொடுக்க என்று 900 வாங்கினால் மதுரையில் அடுத்த நாள் கடை திறக்க முடியாது.

---

ரூட்டுத்தல | செவ்வாய், மதியம் 2:20

சண்டை வேண்டாம், கதைப்பெட்டிக்கு வழி சொல்லாமல் இழை எங்கேயோ போகிறது.

உங்கள் பிரச்சினை சர்வர் இல்லை, டேட்டா வெளியே போகிற விலை. அந்த ஒரு விலையில் கடைக்குக் கடை நம்பமுடியாத வித்தியாசம். ஏடபிள்யூஎஸ்ஸில் அமெரிக்கக் கிழக்கில் 100 ஜிபிக்கு மேல் ஜிபிக்கு 9 செண்ட். டிஜிட்டல் ஓஷனில் 6 டாலர் டிராப்லெட்டோடு 1,000 ஜிபி சேர்ந்தே வருகிறது, மேலே போனால் ஜிபிக்கு ஒரு செண்ட். உங்களுடைய அதே கெட்ட மாதத்தை அங்கே வைத்திருந்தால் 300 ஜிபிக்கு 3 டாலர் கூடியிருக்கும், அவ்வளவுதான். ஹெட்ஸ்னர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஐரோப்பிய சர்வர்களில் 20 டிபி (ஒரு டிபி ஏறக்குறைய 1,000 ஜிபி) சேர்ந்தே வருகிறது, அதற்கு மேல் ஒரு டிபிக்கு ஒரு யூரோ. கம்பியும் மின்சாரமும் இவர்களுக்கும் காசுதான். ஆகவே 9 செண்ட் என்பது செலவுக் கணக்கில் வந்த விலை இல்லை, வைத்த விலை.

எம்பி3 கோப்புகளை மட்டும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் கோப்புக் கிடங்கான ஆர்2-வுக்கு நகர்த்துங்கள். அங்கே வெளியே போகிற டேட்டாவுக்குக் கட்டணமே இல்லை. 640 கோப்பு என்றால் மொத்தம் பதினொன்றரை ஜிபி. முதல் 10 ஜிபி இலவசம், மீதிக்கு மாதம் இரண்டு மூன்று செண்ட். படிக்கிற வேண்டுகோள் மாதம் ஒரு கோடி வரை இலவசம், அதற்கு மேல் பத்து லட்சத்துக்கு 36 செண்ட். அந்த பாட் மறுபடியும் வந்து கோப்புக்கு ஒரு வேண்டுகோளாக இறக்கினால், 180 டிபி விழுங்கிய பிறகுதான் உங்கள் பையில் கை வைக்கும்.

இங்கேயும் நிறுத்தும் பட்டன் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் எகிறுகிற விலை எது என்று பார்த்து அதைப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டால் பட்டனுக்கு வேலை குறைகிறது. கூடவே சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில் ஒரு ஐபிக்கு இத்தனை வேண்டுகோள், இவ்வளவு வேகம் என்று இரண்டு வரி போடுங்கள். நீங்கள் கேட்ட எஃப்யூபி அதுதான், கையால் செய்தது.

---

புதுமுகம் | செவ்வாய், மாலை 3:05

அண்ணா, ஐரோப்பாவில் இந்த டேட்டா வெளியே எடுக்கிற கட்டணத்தையே தடை செய்துவிட்டார்கள் என்று வகுப்பில் சொன்னார்களே?

---

ரூட்டுத்தல | செவ்வாய், மாலை 3:22

பாதி சரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2027 ஜனவரி 12 முதல் ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவரிடம் அதற்கென்று கட்டணம் வாங்கக்கூடாது. வீடு காலி செய்யும்போது சாமான் இறக்கக் கூலி கேட்கக்கூடாது என்கிற மாதிரி. 2024 தொடக்கத்திலேயே கூகுள், ஏடபிள்யூஎஸ், மைக்ரோசாஃப்ட் மூன்றும் மொத்தமாக வெளியேறுகிறவர்களுக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டன. தினம் கதை கேட்க வருகிற விருந்தாளிக்கான கட்டணத்தை யாரும் தொடவில்லை.

---

வடமராட்சியான் | செவ்வாய், மாலை 6:40

ரூட் அண்ணை, அந்த 6 டொலர் கணக்கில் என்னுடைய தளமும் அடங்குமோ என்று பார்த்தேன். அடங்கும் போல இருக்கு. மச்சானுக்குச் சொல்லியாச்சு. அவர் கேட்ட முதல் கேள்வி, "மாசம் மாசம் ஒரே தொகைதானே?"

---

கதைப்பெட்டி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10:20

என்ன ஆனது என்று கேட்டுத் தனிமடல் வந்ததால் இங்கேயே எழுதுகிறேன்.

டிக்கெட் போட்டேன். ஆறு நாள் கழித்து டேட்டா தொகையில் பாதியை கிரெடிட்டாகக் கொடுத்தார்கள், பணமாக இல்லை. அந்தக் கிரெடிட்டைச் செலவழிக்க அவர்களிடமே இருந்தாகவேண்டும் என்பது கொடுத்த பிறகுதான் உறைத்தது. பரவாயில்லை, கிளம்பிவிட்டேன்.

எம்பி3 எல்லாம் ஆர்2-வில். தளம் 6 டாலர் சர்வரில். டாலருக்கு 88 ரூபாய் என்ற விலையில் ஜிஎஸ்டியோடு 623 ரூபாய். நகர்த்த இரண்டு ஞாயிறு ஆனது, பாதி நேரம் கோப்புப் பெயர்களில் இருந்த தமிழ் எழுத்துகளோடு மல்லுக்கட்டியதில் போனது.

போன வாரம் அந்த பாட் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை நான் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன்.

---

பில்லுப்பாட்டு | ஞாயிறு, காலை 10:26

"ம்" கொட்டியதா?

---

ரேக்குக்காரர் | ஞாயிறு, மாலை 4:50

நானும் ஒரு விஷயம் சொல்லவேண்டும். லட்சுமி அம்மா எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் ஒரு பழைய வாடிக்கையாளர், பள்ளிக்கூடம் நடத்துகிறவர், போன் செய்து "99 என்றுதானே சொன்னீர்கள், இது என்ன 12,564" என்றார். மூன்று வருடப் புதுப்பித்தல் பில். விளக்கம் சொல்ல வாய் வரவில்லை.

பக்கத்தை மாற்றிவிட்டேன். முதல் முறை கட்டவேண்டிய மொத்தத் தொகையும் புதுப்பிக்கும்போது கட்டவேண்டிய மொத்தத் தொகையும் ஒரே அளவு எழுத்தில், பக்கத்தில் பக்கத்தில். பேக்கப் டிக்கை எடுத்தாயிற்று. கோப்பு எண்ணிக்கை எல்லை மேலேயே இருக்கிறது. அன்லிமிடெட் என்ற சொல்லை மட்டும் இன்னும் எடுக்கவில்லை, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள்.

---

லாகின்லட்சுமி | ஞாயிறு, மாலை 5:15

பார்த்தேன் சார். ரொம்ப நன்றாக இருக்கிறது, உண்மையாகவே.

அந்த 12,564, ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?

---

ரேக்குக்காரர் | ஞாயிறு, மாலை 5:41

மாற்றுகிறேன் அம்மா.